செவ்வந்தியின் அடுப்பும் பெட்ரோல் டேங்கும்

செவ்வந்தி யார் என்று கேட்டால் புதூர்நாட்டுப் பக்கம் எல்லாரும் 'பைக் ஓட்டுமே, அந்தப் பொம்பளைதானே' என்பார்கள். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அதுதான் கண்ணில் படும். அவள் புருஷன் சின்னராஜ், புளி உலுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் பாயோடு கிடக்கிறான். அவனுடைய பழைய பைக்கில்தான் அவள் விடுதிச் சமையல் வேலைக்குப் போகிறாள். அவனுக்கு மருந்தும் அதில்தான் வருகிறது. நான் பக்கத்து வீட்டுக்காரி ராஜேஸ்வரி. என் வாய் சும்மா இருக்காது என்பார்கள்; இருக்காதுதான்.

போன ஐப்பசி மழையில் அந்த பைக்கின் டேங்க் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. சோப்பைத் தேய்த்து அடைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. டேங்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்துக் காயவைத்துத்தான் பசை போட வேண்டும். மெக்கானிக் செய்ததைப் பார்த்திருந்ததால் தானே இறங்கிவிட்டாள். வெளியே காற்றோடு மழை. வண்டியை வீட்டுக்குள் தள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு, சீட்டைக் கழற்றினாள்.

மழைக்காலத்தில் எங்கள் தெருவில் யாரும் அடுப்பை அணைப்பதில்லை. தணலைச் சாம்பலால் மூடி வைப்போம். அடுத்த வேளைக்குக் கிளறி ஊதினால் போதும். பார்க்கிறவர்களுக்கு அது ஆறிப்போன அடுப்பாகத்தான் தெரியும்.

பெட்ரோல் குழாயில் அவள் கை வைத்தபோது சின்னராஜ் கேட்டான்.

"அடுப்புல தணல் இருக்குதா?"

"மூடி வெச்சிட்டேன். ஒண்ணும் ஆவாது."

"பெட்ரோல் நெடி தரையோட வருது. நிக்கிற உனக்குத் தெரியல, படுத்துக் கெடக்கற எனக்கு மூச்சு முட்டுது. கொழாயத் தொடாத. வண்டிய வெளிய தள்ளு."

"இந்த மழையிலயா? டேங்க்குல தண்ணி பூந்துடுங்க."

"அப்ப அடுப்புல தண்ணி ஊத்து."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைப்பதென்றால் எங்களுக்கு அது சாவு வீட்டில் மட்டும்தான். படுக்கையில் கிடக்கிற புருஷனை வைத்துக்கொண்டு எந்தப் பொம்பளைக்கு அதற்கு மனசு வரும்?

"என்னால ஆவாதுங்க. வேற இன்னா வேணா சொல்லுங்க."

"தீ புடிச்சா நான் எப்பிடி எழுந்து ஓடறது?"

"உங்கள வுட்டுட்டு நான் மட்டும் ஓடிடுவனா?"

"அதுக்குத்தான் சொல்றேன். நான் செத்துட்டேன்னு நெனச்சிக்கினு ஊத்து, செவ்வந்தி."

கதவை விரியத் திறந்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்பில் கவிழ்த்தாள். அப்புறம் அந்தச் சகதிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, வயிற்றில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அவன் தடுக்கவில்லை.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் ஓடினேன். ஈர அடுப்பைப் பார்த்ததும் சின்னராஜ் போய்விட்டான் என்றே நினைத்துவிட்டேன். பாயைப் பார்க்காமலேயே தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன்.

"நீ வேற இன்னாத்துக்கு அழுவுற? நான் இருக்கறேன்" என்றான் சின்னராஜ்.

பாவி மனுஷன். என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டும்போதும் எனக்கு அழுகை நிற்கவில்லை.

நெடி போகிறவரை மூன்று பேரும் குளிரில் காத்திருந்தோம். பிறகு வண்டியை வாசற்படிக்கு நகர்த்தினோம். "பெட்ரோல் டேப்ப மூடிட்டுக் கொழாய உருவு. போல்ட்டக் கழட்டினதும் பின்பக்கமாத் தூக்கி இழு" என்று அவன் பாயில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, டேங்க் கையோடு வந்தது. பெட்ரோலை கேனில் வடித்து, வெளியே கூரைக்கு அடியில் வைத்தோம்.

அன்றைக்கு அடுப்பை மறுபடி பற்றவைக்க அவளுக்குக் கை வரவில்லை. நான் என் வீட்டில் களி கிண்டிக்கொண்டு போனேன். சாவு விழுந்த வீட்டுக்குத்தான் பக்கத்து வீட்டிலிருந்து அப்படிச் சோறு போகும். அது தெரிந்துதான் செவ்வந்தி தட்டைத் தொடவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னராஜ் கையை நீட்டி, முதல் உருண்டையைக் கேட்டு வாங்கித் தின்றான்.