முப்பத்தேழு நத்தைகள்

இராஜாக்கமங்கலம் கடற்கரையில் காலை ஏழே கால். சூசை என்ற மீனவர் நாறிப்போன கெளுத்தித் தலை ஒன்றை ஈர மணலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார். நான்காவது அலை திரும்பும்போது மணலுக்குள்ளிருந்து கடல்நத்தைகள் கிளம்புகின்றன. அகன்ற பாதத்தை விரித்து, அலை தள்ளத் தள்ள மேலேறி, தலையை மொய்க்கின்றன. இவை எதையும் வேட்டையாடுவதில்லை. யாராவது செத்தால் மட்டும் பந்திக்கு முந்திக்கொள்ளும். என் உறவிலேயே இப்படி ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

நத்தைச் சதைதான் சூசையின் தூண்டிலுக்கு இரை. இது சேர்ந்தால்தான் இன்று அவர் வள்ளம் கடலில் இறங்கும். நான் எண்ணத் தொடங்குகிறேன்.

"சாரே, வாய்விட்டு எண்ணாதீங்க. எண்ணினா கிட்டாது."

"இதை எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீரு?"

"விட்டா என் பிள்ளையளையும் எண்ணுவிய போல."

சுத்த மூடத்தனம். "முப்பத்தேழு" என்று உரக்கவே சொல்கிறேன். அவர் குனிவதற்குள் பெரிய அலையொன்று வந்து மீன்தலையைக் கொண்டுபோகிறது. நத்தைகள் ஒன்றுவிடாமல் மணலுக்குள் புதைந்துவிடுகின்றன. சூசை என் வாயைப் பார்க்கிறார். பிறகு பையிலிருந்து இன்னொரு தலையை எடுத்து வைக்கிறார்.

"இதுதான் கடைசி, சாரே."

வெட்கங்கெட்ட நத்தைகள் மறுபடியும் வருகின்றன. அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தகர டப்பாவில் போடுகிறார். ஒவ்வொன்றும் விழும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. டப்பா நிறைகிறது. எத்தனை என்று எனக்குத் தெரியும். உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்கிறேன்.