நாங்கள் வாங்கப் போன கிளப்

போன மாதம் எங்கள் ஃபிளாட் பால்கனிக்குப் புறா வலை கட்ட ஓர் ஆள் வந்திருந்தார். நைலான் சுருளைத் தரையில் உருட்டிவிட்டு, "மேடம், இந்த முனைய கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா" என்றார். பிடித்தேன். அவ்வளவுதான், கை தானாக உயர்ந்து, வலையை முறுக்கில்லாமல் ஓர் உதறு உதறி, மேல் கயிற்றை விரலால் தேட ஆரம்பித்துவிட்டது. "ஏற்கெனவே கட்டிப் பழக்கமா மேடம்?" என்று கேட்டார். புறா வலை இல்லையப்பா, கோல் வலை கட்டிப் பழக்கம் என்று சொன்னால், நாற்பதைத் தாண்டிய ஒரு பொம்பளையை அவர் எப்படிப் பார்ப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பழக்கம் எனக்கு அண்ணியிடமிருந்து வந்தது. அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. தொண்ணூற்றொன்றில் கல்யாணமாகி நான் ஆம்பூரிலிருந்து பெங்களூர் மர்பி டவுனுக்கு வந்தபோது, நாத்தனார் கல்யாணமாகாமல் அதே வீட்டில் இருக்கிறார் என்பதற்காக என் அம்மா தனியாக ஒரு மூச்சு அழுதாள். அண்ணிக்கு அப்போது முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர். வாரத்தில் ஆறு நாள் "லைன்ல இருங்க சார்" என்று தேனாகப் பேசுகிறவர், ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனால் ரெஃப்ரியின் கண்ணைப் பற்றியும் அவரைப் பெற்றவர்களைப் பற்றியும் பேசுகிற பேச்சில் முன்வரிசை ஆம்பளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாணமான இரண்டாவது ஞாயிறே என்னைக் கிளப்பினார். "வீட்ல உக்காந்து சுவத்தையா பாக்கப் போற? வா." எனக்குப் பந்து உருண்டையானது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. மாமியார் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே புடவையைக் கையில் பிடித்தபடி ஓடினேன்.

கேலரியில் மூன்றாவது படிதான் எங்கள் இடம். அண்ணி, நான், அல்சூர் மார்க்கெட் பக்கம் கடை வைத்திருந்த டெய்லர் அண்ணன். மேட்ச் இருந்தால் அவர் ஷட்டரை இறக்கிவிட்டு வந்துவிடுவார், தீபாவளிக்கு முந்தின வாரமானாலும் சரி. மூவருக்கும் அண்ணியின் தொழிற்சாலை அணிதான் உயிர். அந்த அணி கோப்பை எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை. நடுவில் எங்கேயோ இருக்கும், சில வருடம் கீழே போய்த் தத்தளிக்கும். பாதி ஆட்டம் முடிந்து விசில் அடித்ததும் வேகவைத்த கடலைக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்தபடி அண்ணி ஆரம்பிப்பார். "கிளப் நம்மளுதா இருந்தா?"

ஆளுக்கு ஒரு உத்தரவு போடலாம், ஒன்றே ஒன்று. முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. சொன்னதும் மற்ற இருவரும் "செல்லும்" என்றோ "செல்லாது" என்றோ தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒருவர் செல்லாது என்றாலும் செல்லாது. முதல் நாள் கெட்டிக்காரத்தனமாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, எங்கள் ஆட்களுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த எதிரணியின் பத்தாம் நம்பரை விலைக்கு வாங்கிவிடலாம் என்றேன். இரண்டு பேரும் ஒரே குரலில் "செல்லாது" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. அண்ணிதான் விளக்கினார். "ஆள வாங்கறதுக்கு மொதலாளிங்க இருக்காங்கம்மா. நாம கிளப்பத்தான் வாங்கறோம். ஆளுங்க தானா வரணும், தானா இருக்கணும்."

இப்படியே வருடக் கணக்கில் உத்தரவு போட்டோம். கோல்கீப்பரின் சட்டைக்கை முழங்கைக்கு மேல் ஏறுவதைச் சகிக்காத டெய்லர் அண்ணன், பதினெட்டு பேருக்கும் தனித்தனியாக அளவெடுத்துத் தைப்பேன் என்றார். செல்லும். மெயின் கேட்டில் தன் போட்டோவை மாட்டுவேன் என்றார். செல்லாது. தோற்ற அணிக்குத்தான் முதலில் டீ கொடுக்க வேண்டும், ஜெயித்தவனுக்குத் தொண்டை தானாகவே நனைந்திருக்கும் என்று நான் ஒரு நாள் சொன்னேன். அண்ணி கடலைக்காயை வாயில் போடாமல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "செல்லும்" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை, உண்மையைத்தான் சொல்கிறேன்.

அண்ணியின் முதல் உத்தரவு நான் வருவதற்கு முன்பே போடப்பட்டது. பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ், அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள். எங்கள் கேலரிப் பக்கம் அப்படி ஒன்று கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அண்ணி தண்ணீர் குடிக்க மாட்டார். டெய்லர் அண்ணன் டீ வாங்கி வரட்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்பார், ஒவ்வொரு முறையும் நாங்கள் இருவரும் வேண்டாம் என்போம். அவருக்கு ஏன் என்று கடைசிவரை தெரியாது. எங்கள் பட்டியலைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் சிரிப்பார். "இதுக்கெல்லாம் கோடீஸ்வரன் ஆகணுமா? ஒரு பிளம்பரும் ஒரு டீக்கடைக்காரனும் போதுமே." கேபிள் டிவியில் வெளிநாட்டுக் கிளப் முதலாளிகள் கோட்டு சூட்டோடு கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பதைக் காட்டும்போது அண்ணி, "அங்கேருந்து பாத்தா சத்தம் கேக்குமா?" என்று மட்டும் கேட்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிறு, பாதி ஆட்டத்தில் அண்ணி பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. நாங்கள் கேட்டதற்குத் தலைவலி என்றார். அடுத்த வாரமும் தலைவலி. மூன்றாவது வாரம் தொழிற்சாலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள், இந்த சீசனோடு ஃபுட்பால் டீம் கிடையாது என்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "எனக்கு முன்னமே தெரியும்மா. அந்த ஃபோன் கால கனெக்ட் பண்ணதே நான்தான்" என்றார். லைனில் காதில் விழுந்தது வெளியே வரக்கூடாது என்பது அவர் வேலை. பதினைந்து வருடம் அதைக் காப்பாற்றியவர், மூன்று வாரம் அந்தச் செய்தியை வயிற்றில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்த்திருக்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது.

அன்று ராத்திரியே தீர்மானம் ஆகிவிட்டது. அவர்கள் மூடுகிறார்கள் என்றால் நாம் கேட்டு வாங்கிக்கொள்வோம். இத்தனை வருடம் உத்தரவு போட்டுப் போட்டு, அது ஏதோ விலை கேட்டால் கொடுக்கக்கூடிய பொருள் என்றே எங்களுக்குத் தோன்றிவிட்டது. மர்பி டவுனில் வீட்டுக்கு வீடு கேட்டால் ஒரு வருடமாவது ஓட்டலாம் என்றார் டெய்லர் அண்ணன். அண்ணி சர்வீஸ் ரூல் பார்க்காமல் ஊழியர் விவகாரம் பார்க்கிற பர்சனல் ஆபீசரிடம் நேரம் வாங்கினார். கிளப் வாங்கப் போகிறோமே என்று நான் கல்யாணப் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டினேன். டெய்லர் அண்ணன் தானே தைத்த சஃபாரி சூட்டில் வந்தார். அண்ணி கையில் ஒரு ஃபைல், அதில் எட்டு வருடத்து உத்தரவுகளில் செல்லுபடியானவை மட்டும் இங்கிலீஷில் டைப் அடித்து.

ஆபீசர் நல்ல மனுஷர். ஃபைலைக் கடைசிவரை படித்தார், கக்கூஸ் தாழ்ப்பாள்வரை. பிறகு மெதுவாக, கன்னடத்தில், "ஆதரெ கிளப் எல்லிதே அம்மா?" என்றார். ஆனால் கிளப் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். அப்புறம் அண்ணிக்காகத் தமிழுக்கு வந்தார். "ஆட்றவங்க பூரா நம்ம ஸ்டாஃபு. ஒருத்தன் ஸ்டோர்ஸ்ல இருக்கான், ஒருத்தன் கேட்ல இருக்கான். மத்தியானம் பர்மிஷன் குடுப்போம், பிராக்டீஸுக்குப் போவாங்க. இனிமே குடுக்க மாட்டோம். அவ்ளோதான். விக்கறதுக்கு கிளப்புனு ஒண்ணு எப்பவுமே இல்லையே." கோல்கீப்பர் ஸ்டோர்ஸில் பெயின்ட் டப்பா எடுத்துக் கொடுப்பவர் என்பது அண்ணிக்குத் தெரியாதா என்ன, தினமும் லைன் கொடுக்கிறவர். தெரிந்தும் தெரியாமலே இருந்திருக்கிறோம். அந்த மனுஷர் எங்களை வெறும் கையோடு அனுப்ப மனமில்லாமல் ஒரு ஸ்டீல் பீரோவைத் திறந்து காட்டினார். காற்றுப் போன பந்துகள், இரண்டு கொடி, ஒரு பம்ப், ஒரு ஜோடி வலை. எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணி வலையை மட்டும் காட்டினார். ஆட்டோவில் என் பட்டுப் புடவை மேல் அந்த அழுக்கு வலை கிடந்தது. 

எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு மண் மைதானம். பேட்டைப் பையன்கள் இரண்டு மூன்று அணியாக ஆடுவார்கள். கம்பம் உண்டு, வலை கிடையாது. பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்பதில்தான் ஞாயிறு தோறும் அடிதடி. அடுத்த ஞாயிறு காலை அண்ணி ஸ்டூலையும் வலையையும் தூக்கிக்கொண்டு போய்க் கட்டினார். முனையைப் பிடிக்க நான். முதல் கோல் விழுந்து வலை உப்பி நின்றபோது ஆடிய பையன்களே ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்கள். பிறகு வாராவாரம் அதே வேலைதான். ஆட்டம் முடிந்ததும் அவிழ்த்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, அறுந்த வலைக்கண்களை, டெய்லர் அண்ணன் கடையில் மிஞ்சிய நூலால் அண்ணி முடிச்சுப் போடுவார். தோற்றவர்களுக்கு முதல் டீ. அது என் வீட்டு ஸ்டவ்வில்.

வலை கட்டியதும் பார்க்கப் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். அண்ணி அவர்களையெல்லாம் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் கக்கூஸுக்கு அனுப்பினார். ஒரு ஞாயிறு நான் நாலாவது தடவை தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வந்து கத்தினேன். "கிளப்பே இல்லைன்னு அந்த ஆபீசர் சொன்னது உங்க காதுல விழலையா அண்ணி?" எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அன்றைக்கு நிறையவே நீண்டுவிட்டது.  அண்ணி வலையை மடித்துப் பரணில் போட்டார். அடுத்த ஞாயிறு போகவில்லை. மைதானத்திலிருந்து கோலா இல்லையா என்று சண்டைச் சத்தம் வந்தது. அண்ணி அடுப்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே இருந்தார், ஒருவருக்கும் வேண்டாத அளவு பட்டாணி. அந்த முதுகை என்னால் பார்க்க முடியவில்லை. திங்கட்கிழமை நானே தச்சரைக் கூப்பிட்டு, ஆணியில் சணல் கயிறு மாட்டி மூடிக்கொண்டிருந்த கக்கூஸ் கதவுக்கு உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள் அடிக்கச் சொன்னேன். அண்ணி வேலையிலிருந்து வந்து உள்ளே போனார். தாழ்ப்பாள் போடும் சத்தம், திறக்கும் சத்தம், மறுபடி போடும் சத்தம். வெளியே வந்து, "செல்லும்" என்றார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஆறு வருடம் கிடைத்தது. ஒரு வியாழக்கிழமை காலை டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்த அண்ணி அப்படியே சாய்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பையன்கள் வாசலில் வந்து தயங்கி நின்றார்கள், கேட்கவும் முடியாமல் போகவும் முடியாமல். தீட்டு என்று யாரோ முணுமுணுத்ததைக் காதில் வாங்காமல் வலையை எடுத்துப் போய் நானே கட்டினேன். எதிர் முனையைப் பிடித்தது டெய்லர் அண்ணன். பிறகு வீடு விற்று, பாகம் பிரிந்து, நாங்கள் ஊருக்கு வெளியே இந்த ஆறாவது மாடிக்கு வந்தோம். எத்தனையோ சாமானைக் கழித்துக் கட்டியும் வலை மட்டும் கூடவே வந்தது.

புறா வலைக்காரர் பால்கனியின் ஒரு மூலைக்குத் துண்டு போதவில்லை, நாளை கொண்டு வருகிறேன் என்றார். நான் உள்ளே போய் லாஃப்டிலிருந்து அண்ணியின் வலையை இறக்கினேன். அவர் விரித்துப் பார்த்துச் சிரித்தார். "கண்ணு பெருசா இருக்கே மேடம். புறா பூந்துடுமே." தெரியும் என்றேன். தரையில் விரிந்து கிடந்த வலையில் சட்டைத் துணி நூல், ஜாக்கெட் நூல், பள்ளி யூனிஃபார்ம் நூல் என்று எத்தனை நிற முடிச்சு. அவர் போன பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

கிளப் நம்மளுதா இருந்தா? இப்போது என்னிடம் ஓர் உத்தரவு இருக்கிறது. ஒரே ஓர் ஆளை மட்டும், என்ன விலையானாலும் கொடுத்து வாங்கிவந்து, மூன்றாவது படியில் என் பக்கத்தில் உட்கார வைப்பேன். வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். செல்லாது என்று சொல்லத்தான் ஆளில்லை.