மீதி ஒன்று

விசில் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கெண்டைக்கால் தானாக இறுகுகிறது. குக்கர் விசில் ஒன்றும் செய்யாது. உள்ளே சின்னக் குண்டு உருளுமே, போலீஸ்காரரும் பஸ் கண்டக்டரும் ஊதுவது, அந்த விசில்தான். அடுத்து புளிய விளாரால் அடி வருமென்று கால் நினைத்துக்கொள்கிறது. எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சொன்னால் காலுக்குப் புரிவதில்லை.

நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர். ஏழாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்கு எடுக்க ஆள் போடவில்லை. விளையாட்டு சாரே கணக்கும் எடுத்தார். கபடிக்கு ஊதுகிற விசில் எப்போதும் கழுத்தில் தொங்கும். புத்தகத்தின் கடைசியில் விடை இருக்கும், அதைப் பார்த்துத்தான் சரி தப்பு சொல்வார். அவருக்குத் தெரிந்தது ஓட்டம். கணக்கையும் ஓடச் சொன்னார்.

பின்னத்தைத் தசமம் ஆக்குகிற பாடம் வந்தது. மேலே இருக்கிற எண்ணைக் கீழே இருக்கிற எண்ணால் வகுத்துக்கொண்டே போக வேண்டும், மீதி சைபர் வந்தால் முடிந்தது. ஒரு ஆள் போர்டில் போடவேண்டும். புள்ளிக்குப் பின்னால் ஒரு எண் எழுதியதும் சார் விசில் ஊதுவார். மீதி சைபர் என்றால் தப்பித்தோம். மீதி இருந்தால் கெண்டைக்காலில் ஒரு அடி. இரண்டில் ஒன்றுக்கு அடி இல்லை, 0.5 என்று ஒரே எண்ணில் முடிந்துவிடும். நாலில் ஒன்றுக்கு ஒரு அடி. எட்டில் ஒன்றுக்கு இரண்டு. சரியாகப் போட்டாலும் அடி உண்டு. "விசிலடி" என்று அதற்குப் பேர் வைத்திருந்தோம்.

முடித்தவர் அடுத்த ஆளையும் அடுத்த கணக்கையும் சொல்லவேண்டும். அங்கேதான் வினை. ஆட்டைக் கொல்லையில் விட்டது, மடையைத் திருப்பிக்கொண்டது, அண்ணனைப் பற்றித் தப்பாகப் பேசியது, ஊரில் தீராத சண்டையெல்லாம் எங்கள் வகுப்பில் கணக்காக வந்து விழுந்தது. ஆனாலும் பதினாறில் ஒன்றுக்கு மேல் யாரும் போகமாட்டோம். இன்றைக்கு நாம் சொல்கிற கணக்கு நாளைக்கு நம்மேல் திரும்பும்.

எனக்கு மாதம்மா மேல் கோபம். அவள் அப்பா குவாரியில் கல்லுடைக்கிறவர். எனக்குப் பின் பெஞ்சில் உட்காருவாள். ஒருநாள் அடிபம்பில் என் குடத்தைத் தள்ளி வைத்தாள். அவள் சடையைப் பிடித்து இழுத்தேன். அவள் கல்லை எடுத்தாள். முன்பல் ஒன்று பாதியில் உடைந்து, வாயில் ரத்தத்தோடு வீட்டுக்குப் போனேன். "பல்லு போனா சொல்லு போச்சுடி" என்று சொல்லி அம்மாவும் தன் பங்குக்கு ரெண்டு வைத்தாள்.

அது ஆறியிருக்கும். மறுநாள் மாதம்மா எனக்கு "புள்ளியஞ்சு" என்று பேர் வைத்தாள். அரைப் பல் என்பதால் சைபர் புள்ளி அஞ்சு. சத்துணவு வரிசையில் பையன்கள் எல்லாம் "ஏ புள்ளியஞ்சு, முட்டைய முழுசா கடிப்பியா, பாதிதானா?" என்றார்கள். எனக்கே அந்தப் பேர் நன்றாகத்தான் இருந்தது. அதனால் இன்னும் எரிந்தது.

அதிக அடி வாங்கித் தருகிற கணக்கைத் தேடினேன். பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டில் ஒன்றுக்கு நாலு அடி. போதவில்லை. பிறகு மூன்றில் ஒன்றைப் போட்டேன். பத்தில் மும்மூன்று ஒன்பது போனால் மீதி ஒன்று. மறுபடி பத்து, மறுபடி ஒன்பது, மறுபடி ஒன்று. தாள் முழுக்க மூன்றாக எழுதினேன். தாள்தான் முடிந்தது. கணக்கு முடியவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் எட்டில் ஒன்று எனக்கு வந்தது. இரண்டு அடி வாங்கி முடித்தேன்.

"அடுத்து யாரு?" என்றார் சார்.

"மாதம்மாங்க சார். மூணுல ஒண்ணு."

அவள் எழுந்து போனாள். மூன்று எழுதினாள். விசில். "மீதி ஒண்ணுங்க சார்." அடி. மூன்று. விசில். "மீதி ஒண்ணுங்க சார்." அடி. நாலாவது அடியில் வகுப்பு சிரித்தது. எட்டாவதில் சிரிப்பு நின்றது.

"எங்கியோ தப்பு உட்டுட்ட. அழிச்சிட்டுப் போடு."

"தப்பில்லீங்க சார். ஒண்ணுதான் வருது."

அழித்துவிட்டுப் போட்டாள். அதேதான் வந்தது. சார் புத்தகத்தின் கடைசியைப் புரட்டினார். அந்தக் கணக்கு அதில் இல்லை. மறுபடி ஊதினார். கீழே எழுத இடம் தீர்ந்ததும் மீதியை வாயால் மட்டும் சொல்லச் சொன்னார். மேலே மூன்றுகள் வலது பக்கமாக நீண்டு போர்டைத் தாண்டின. அவள் நிற்கவில்லை. காவிச் சுவரில் எழுதிக்கொண்டு போனாள். விளார் பிளந்தது. ஒரு பையனை அனுப்பி வேறு ஒடித்து வரச்சொன்னார். சாருக்கு வேர்த்து ஊற்றியது. நிறுத்த வழி தெரியாமல்தான் அடித்தார் என்று இப்போது தோன்றுகிறது. அவர் வைத்த சட்டம் அவரையே பிடித்துக்கொண்டது.

ரத்தம் குதிகாலுக்கு இறங்கி, அவள் நகர நகரத் தரையில் ஒட்டியது. அவள் அழவில்லை. ஒன்று என்று சொல்கிற இடத்தில் ஒரு தடவை சைபர் என்று சொல்லியிருந்தால் போதும், உட்கார்ந்திருக்கலாம். அவளுக்கும் தோன்றியிருக்கும். சொல்லவில்லை.

நான் இருபத்தியேழு வரை எண்ணினேன். காலண்டர் தாள் என் பையில் இருந்தது. எழுந்து, "சார், அது முடியாதுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வாயைத் திறக்கவில்லை.

சுவர் முடிந்து கதவு வந்தது. மாதம்மா திரும்பினாள். நேராக என்னிடம் நடந்துவந்து சாக்பீசை என் கையில் வைத்தாள்.

"மீதிய நீ போடு, புள்ளியஞ்சு."

சார் தடுக்கவில்லை. போனேன். கதவுப் பலகையில் மூன்று எழுதினேன். விசில். "மீதி ஒண்ணுங்க சார்." அடி. இன்னொரு மூன்று. விசில். அடி. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அடுத்த மூன்றை எழுதிவிட்டு, "மீதி சைபர்ங்க சார்" என்றேன்.

பத்தில் ஒன்பது போனால் ஒன்று. அது அந்த வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை. சார் மூச்சு விட்டார். பிறகு மாதம்மா பக்கம் திரும்பினார்.

"பாத்தியாடி? முடியுதா இல்லியா? வேணும்னே இழுத்திருக்கற."

மறுபடி அடித்தார். இந்தத் தடவை விசில் இல்லை. அதனால் எண்ண முடியவில்லை.

புண் சீழ் வைத்தது. தருமபுரி பெரியாஸ்பத்திரியில் கெண்டைச் சதையை வெட்டி எடுத்தார்கள். வெட்டி எடுத்த அன்று மத்தியானமே அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சம்மட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தக் கைங்க சார்?" என்று மரியாதையாகவே கேட்டார். சார் வலது கையால் முகத்தை மறைத்தார். எலும்பு முறிந்த சத்தம் எங்கள் வகுப்புவரை கேட்டது. போலீஸ் வந்து அவள் அப்பாவைக் கூட்டிப்போனது. அவர் சேலம் ஜெயிலில் இருக்கும்போதே மாதம்மாவும் அவள் அம்மாவும் சித்தாள் வேலைக்குப் பெங்களூர் போய்விட்டார்கள்.

எட்டாம் வகுப்பில் வேறு சார் வந்தார். நல்ல மனுசன், அடிக்கமாட்டார். ஒருநாள் போர்டில் மூன்றில் ஒன்று என்று எழுதி, 0.333 போட்டு, பக்கத்தில் மூன்று புள்ளி வைத்தார். "இது முடியாது. இப்படிப் புள்ளி வெச்சா போதும்" என்றார். மூன்று புள்ளி. நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை. "படிப்பு ஏறலன்னா மாடு மேய்" என்றார் அப்பா. மேய்த்தேன். பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்தார்கள். இப்போது மாங்கூழ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன்.

போன மாதம் தருமபுரியில் டவுன் பஸ் ஏறினேன். சன்னலோரம் இருந்த பொம்பளை என் வாயையே பார்த்தாள்.

"ஏ புள்ளியஞ்சு! இன்னுமா பல்லு கட்டல?"

"எதுக்கு? சோறு எறங்குது."

மாதம்மாதான். தம்பி வூட்டு விசேஷத்துக்கு வந்தாளாம். பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்டக்டர் விசில் ஊதினார். இரண்டு பேர் காலும் ஒரே சமயத்தில் சீட்டுக்கு அடியில் ஒடுங்கின. அவள் அதைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"மாதம்மா, அன்னிக்கு நான் பொய் சைபர் சொன்னேன்."

"எனக்குத் தெரியாதா? பத்துல ஒம்போது போனா முட்டையா வரும்?"

"அது முடியாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் அந்தக் கணக்க சொன்னேன்."

இது அவளுக்குத் தெரியாது. சிரிப்பு போய்விட்டது. சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். கெண்டையில் ஒரு கை வைக்கிற அளவுக்குப் பள்ளம்.

"எங்கப்பன் ஜெயில்ல இருந்து வந்து சம்மட்டியத் தொடல" என்றாள். சேலையை இறக்கிவிட்டாள். "நீ சொன்னது போவட்டும். ரெண்டு அடிக்கு மேல தாங்கலியாடி உனக்கு?"

எங்கள் பள்ளிக்கூட நிறுத்தம் வந்தது. அந்தச் சுவரை இடித்து மாடிக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். போர்டு இருந்த இடத்தில் டிவி மாதிரி ஒன்று மாட்டியிருப்பதாகச் சொல்கிறார்கள். பிள்ளைகளை அடிக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. விளையாட்டு சார் செத்துப்போனார். அடிபம்பைப் பிடுங்கிவிட்டு, குழியைச் சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்கள். பையன்கள் அதன்மேல் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் இறங்க எழுந்தாள். எனக்கு அடுத்த நிறுத்தம். கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். கண்டக்டர் சின்னப் பையன். அவசரமாக விசிலை வாயில் வைத்தான்.

"ஊதாத" என்றேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. "அவ எறங்கட்டும்."

அவன் என்னைப் பார்த்தான். விசிலை எடுத்தான்.

மாதம்மா தரையில் கால் வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.