பங்களா மேசை

ஜீப்பின் மேல் நான்கு கால்களையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்த அந்த மேசையைத்தான் நான் முதலில் பார்த்தேன். கம்பம்மெட்டில் எங்கள் வீட்டுக்கு ஏறும் பாதையில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. என் கணவர் தன் ஜீப்பை ஓட்ட, பக்கத்தில் அத்தை, என் மாமியார், ஜன்னல் வழியே கையை நீட்டி மேசையின் விளிம்பைப் பிடித்தபடி வந்தார். கயிறு போட்டுக் கட்டியிருந்தும் அவருக்கு நம்பிக்கை இல்லை. இறக்கி வைத்தபோது அது மேசை மாதிரியே தெரியவில்லை. பழைய பாலிஷ் கறுத்துத் தோல் தோலாக உரிந்திருந்தது. ஒரு ஓரப் பலகை உளுத்து, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. கூடவே பிரம்பு கிழிந்த இரண்டு நாற்காலிகள். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இதை எங்கே போடப் போகிறார் என்று நினைத்தேன்.

அத்தையும் மாமாவும் பீருமேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர்கள். அத்தை கொழுந்து பறித்தார், மாமா பேக்டரியில் இலை உலர்த்தும் இடத்தில் இருந்தார். வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த ஒற்றை அறை லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். கிடைத்த பணத்தையும் பஞ்சாயத்து உதவியையும் சேர்த்து, மேட்டில் சிறிய ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒற்றை அறையில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வீடு பெரிதாக இருந்தது. இரும்புப் பெட்டி, பாய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இவற்றை வைத்த பிறகும் நடுக்கூடம் காலியாகக் கிடந்தது. பேசினால் எதிரொலி கேட்கும். கம்பத்துக் கடையில் புது மேசை பார்த்து, விலையைக் கேட்டுவிட்டு அத்தை திரும்பி வந்தார். அந்தச் சமயத்தில்தான் பழைய எஸ்டேட்டில் தொரை பங்களாவைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறார்கள் என்றும், பழைய சாமான்களை வராந்தாவில் குவித்துக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்றும் சேதி வந்தது. மேலாளரை எஸ்டேட்டில் தொரை என்றுதான் சொல்வார்கள். போன அன்றே இந்த மூன்றும் வந்து சேர்ந்தன.

மாமா வெளியே வந்து மேசையைப் பார்த்தார். சுற்றிவந்து இன்னொரு பக்கமும் பார்த்தார்.

"வேற மேசை கிடைக்கலையா?" என்றார்.

"தேக்குங்க. தேச்சா நல்லா வரும்" என்றார் அத்தை.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார். பழசு என்பதால் பிடிக்கவில்லை போல என்று அத்தை நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அத்தைக்கு மரவேலை எதுவும் தெரியாது. அதை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காகத் தயங்கவும் இல்லை. கடைவீதியில் பெயிண்ட் அடிக்கிறவர், தச்சர், பழைய சாமான் வாங்கும் ஆக்கர்காரர் என்று யாரைப் பார்த்தாலும் கேட்பார். ஒருவர் காஸ்டிக் சோடா சொன்னார். அதைக் கரைத்து ஊற்றியதில் பாலிஷ் கொஞ்சம் விட்டது, அத்தையின் புறங்கையில் தோலும் விட்டது. அதோடு அதைக் கைவிட்டு, உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்தார். ஒரு பக்கம் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே இழுப்பார். கறுப்பு மெல்லிய சுருளாக எழுந்து வரும். அதன் பிறகு உப்புத்தாள், முதலில் சொரசொரப்பானது, பிறகு நைஸ். கொழுந்து பறித்துப் பழகிய விரல்கள் என்பதால் பார்வை வேறெங்கோ இருந்தாலும் கை மேடு பள்ளத்தைக் கண்டுபிடித்துவிடும். வேலை முடிந்து நான் வரும்போது, முன்வாசல் தகரக் கூரைக்குக் கீழே முடியெல்லாம் மரத்தூளாக உட்கார்ந்திருப்பார். "இங்க தொட்டுப் பாரு தாயி" என்பார். நான் தொட்டுப் பார்ப்பேன். அன்றைக்குத் தேய்த்த இடம் அத்தனை வழவழப்பாக இருக்கும்.

உளுத்த பலகைக்குப் பதிலாகத் தச்சரிடம் மிச்சம் கிடந்த பலாப்பலகை ஒன்றை வாங்கிப் பொருத்தினார். அது மஞ்சளாக, ஒட்டுப்போட்ட துணி மாதிரி தனியாகத் தெரிந்தது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே சில நாட்கள் இருந்தார். ஒரு காலையில் கருகருவென்று தேயிலைச் சாயம் இறக்கி, ஆறவைத்து அதன்மேல் பூசினார். இன்னொரு டப்பாவில் துரு ஆணிகளை வினிகரில் ஊறப் போட்டிருந்தார். அந்தத் தண்ணீரையும் துணியால் தொட்டு ஒற்றியபோது, மஞ்சள் பலகை கண்ணெதிரே பழுப்பாக மாறியது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். கொழுந்துக் கறை பட்ட கையில் இரும்பு பட்டால் கறுத்துப்போகும், அது மரத்துக்கும் ஆகுமா என்று பார்த்தேன் என்றார். முதலில் ஒரு விறகுத் துண்டில் செய்து பார்த்து, அது கரியாகிப் போனதால் தண்ணீர் கலந்திருக்கிறார். எத்தனை கவனமான மனுஷி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாற்காலிகளுக்கு நைலான் கயிற்றில் கட்டம் கட்டமாகப் பின்னினார். உட்கார்ந்தால் கொஞ்சம் கீச்சென்றது, ஆனால் தாங்கியது.

பாலிஷ்தான் அவரை அழவைக்கப் பார்த்தது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து தேய்த்தார். மேட்டில் மதியத்திலேயே மூடுபனி இறங்கிவிடும். ஈரம் பட்டதும் பாலிஷ் முழுவதும் பால் சிந்தியதுபோல வெளுத்துவிட்டது. அத்தனையையும் துடைத்தெடுத்தார். மழை விட்டு வெயில் வரும்வரை பொறுத்திருந்து, ஆவணியில் கிடைத்த வெயில் நாட்களில் மறுபடி தேய்த்தார். கடைசியில் மேசை தேன் நிறத்தில் நின்றது. கூடத்தில் தூக்கிப் போட்டதும் எதிரொலி அடங்கிப்போனது. அத்தை ஒரு வட்டம் சுற்றி வந்து, முந்தானையால் ஒரு மூலையைத் துடைத்தார்.

அன்று கோழி எடுத்துக் குழம்பு வைத்தார். நாங்கள் மூவரும் மேசையில் உட்கார்ந்தோம். மாமா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் போய் உட்கார்ந்தார். அடுத்த நாளும் அப்படியே. பழக்கம், மாறிவிடும் என்று என் கணவர் சொன்னார். மாறவில்லை. மேசைமேல் தண்ணீர்ச் செம்பு இருந்தால்கூட மாமா அதை எடுக்க மாட்டார், குடத்திலிருந்து மொண்டுகொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை நேராகவே கேட்டுவிட்டார். "உங்களுக்கு என்ன கோவம்? நான் கஷ்டப்பட்டுச் செஞ்சது கண்ணுக்குத் தெரியலையா?"

மாமா மேசையின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இது தொரை சாப்பிடுற மேசை. இதுக்கு முன்னால நான் நின்னிருக்கேன்" என்றார்.

என் கணவர் பிறப்பதற்கு முன்பு அத்தைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து தங்காமல் போனது எனக்குத் தெரியும். பிரசவ வலி கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக எஸ்டேட் ஜீப் வரத் தாமதமாகிவிட்டது என்றுதான் அத்தை சொல்லியிருந்தார். டிரைவர் எங்கோ போயிருந்தான் என்று மாமாதான் அவரிடம் சொல்லியிருக்கிறார். டிரைவர் பங்களா வாசலிலேயே இருந்தான் என்று இப்போது சொன்னார். ஜீப்பை எடுக்கத் தொரை சொல்ல வேண்டும். தொரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நனைந்த கம்பளியோடு மாமா நின்றார். விஷயத்தைக் கேட்டுக்கொண்ட தொரை, தலையாட்டிவிட்டு, மீதிச் சாப்பாட்டையும் சாப்பிட்டு, பழத்தை நறுக்கித் தின்று, கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் டிரைவரைக் கூப்பிட்டார்.

"இந்தக் காலைப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். கடைஞ்சு வச்ச இந்த வளையக் கட்டு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று மேசையின் காலைக் காட்டினார். "உனக்குத் தெரிய வேணாம்னு இருந்தேன்."

அத்தை நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்துகொண்டார். அழவில்லை. மறுநாள் காலை மாமா, "யாருக்காச்சும் குடுத்துரு. இல்ல, வெட்டி அடுப்புல வை" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை என்று நினைத்தேன். ஒரு கணம் அத்தையும் அரிவாளை எடுத்துவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"மாட்டேன்" என்றார் அத்தை. குரல் உயரவில்லை. "எந்திரிக்காம தின்னவன் மனுசன். மரம் என்ன செஞ்சுச்சு? அவன் தொட்ட மேல்தோலெல்லாம் நான் சுரண்டி எடுத்துட்டேன். இப்ப இருக்கிறது என் கை பட்டது. செத்தது என் பிள்ளையும்தான். நான் இதுல உக்காந்து சாப்பிடுவேன். உங்களை வாங்கன்னு கூப்பிட மாட்டேன். நீங்க எங்க உக்காந்தாலும் சோறு போடுவேன்."

சொன்னபடியே இருந்தார். மாமாவுக்குத் தரையில் பரிமாறிவிட்டு, தன் தட்டோடு வந்து மேசையில் உட்காருவார். நானும் என் கணவரும் வேலைக்குப் போன நாட்களில் அத்தனை பெரிய மேசையில் அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். இதைப் பற்றி நான் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். ஒருவரின் வேதனையை மதிக்க வேண்டுமென்றால் நாம் விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும். அத்தை மாமாவைக் கட்டாயப்படுத்தவும் இல்லை, தான் செய்ததை விட்டுக்கொடுக்கவும் இல்லை. இரண்டையும் ஒரே வீட்டுக்குள் வைத்துக்கொண்டு முகம் கோணாமல் நடமாட முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம். நான் வீட்டில் இருந்தேன். மாமா தரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், என் கணவர் உள்ளே படுத்திருந்தார். பக்கத்து ஏலத் தோட்டத்தில் வேலை செய்யும் வடக்கத்தி இளைஞன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டிருந்தான், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உடைந்த தமிழில், மனைவி சரிவில் விழுந்துவிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை, ஜீப் வேண்டும் என்றான். மாமா சாப்பிடுவதைப் பார்த்ததும், "சாப்பிடுங்க, நிக்கிறேன்" என்று ஒரு அடி பின்னால் போனான்.

மாமா பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். கையைக்கூடக் கழுவவில்லை. இடது கையால் நாற்காலியை மேசையிலிருந்து இழுத்துப் போட்டு, "உள்ள வா. உக்காந்து சொல்லு, எந்த இடம்?" என்றார். அவன் நனைந்த துணியைக் காட்டித் தயங்கினான். "நனையட்டும், உக்காரு" என்று தோளைப் பிடித்து உட்காரவைத்து, எதிர் நாற்காலியில் தானும் உட்கார்ந்தார். உட்கார்ந்தது அவருக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. இடத்தைக் கேட்டுக்கொண்டதும் உள்ளே பார்த்து மகனைக் கூப்பிட்டார். அந்த இளைஞன் ஒரு வாய் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. மாமாவும் ஏறிக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது, கட்டுப்போட்டார்கள், பயமில்லை என்று போன் வந்தது. அத்தை தரையில் இருந்த தட்டை எடுத்துக் கழுவி, சோறும் குழம்பும் புதிதாகச் சூடாக்கி, மேசைமேல் வைத்து மூடினார். மாமா திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. மேசையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. மாமா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் சாப்பிட்ட பிறகு, "ஒரு கால் குட்டையா இருக்கு. ஆடுது" என்றார்.

"தரைதான் சரியில்ல" என்றார் அத்தை.

அதற்குப் பிறகு சில வருடங்கள் போய்விட்டன. அந்த இளைஞனும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் மற்றவர்களும் ஏதாவது எழுதவோ கேட்கவோ வருவதுண்டு. யார் வந்தாலும் மாமா முதலில் உட்காரச் சொல்கிறார், விஷயத்தைப் பிறகு கேட்கிறார். போன மாதம் வந்தவர்களில் ஒருவர் நிற்க வேண்டியதாகிவிட்டது. அவர்கள் போனதும் மாமா அத்தையிடம், "இருக்கிறது பத்தலை. கம்பத்துல பழைய சாமான் கடையில இன்னும் ரெண்டு நாற்காலி பாரு" என்றார். இருவரும் சேர்ந்தே போய் எடுத்து வந்தார்கள், ஒன்றுக்கு ஒரு கைப்பிடி இல்லை. இப்போது முன்வாசலில் வெயில் இருக்கிறது. மாமா நாற்காலியை ஆடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அத்தை தேய்த்துக்கொண்டிருக்கிறார்.