பின்னால் நின்றவன்

சந்தைக் கடைகளின் இரும்பு ஷட்டர்களைப் பழுது பார்க்கிற சாஸோனுக்கு, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு தியானப் பித்துப் பிடித்தது. ஜெருசலேமில் மஹனே யெஹூதா சந்தைக்குப் பின்சந்தில் பாக்தாத் யூதர்களின் சின்ன ஜெபக்கூடம் ஒன்று உண்டு. அதன் குருவான ஹக்காம் யெஹெஸ்கேல் அங்கே செவ்வாய் தோறும் மறைஞானப் பாடம் நடத்துவார். இறைவனின் நாமத்திலுள்ள எழுத்துகளை மனக்கண்ணில் ஒவ்வொன்றாக ஏற்றி, ஜெபத்தின் சொல்லுக்குச் சொல் நிறுத்த வேண்டும். சாஸோன் உண்மையாகத்தான் ஆரம்பித்தான். முதல் வருஷம் சில காலைகளில் எழுத்துகள் அசையாமல் நின்றன. அன்றெல்லாம் ஷட்டருக்கு எண்ணெய் விடும்போதுகூட அவனுக்குக் கண் கலங்கும். அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

ஊர் கவனிக்க ஆரம்பித்ததும்தான் காரியம் கெட்டது. நின்றபடி வாய்க்குள் சொல்கிற ஜெபத்தை எல்லோரும் முடித்த பிறகும் சாஸோன் கண்மூடி நிற்பான். மேலே போய்விட்டான் என்று பின் வரிசையில் கிசுகிசுப்பார்கள். மீன்கடைக்காரன் அவனைக் கண்டால் எழுந்து நின்றான். வீட்டில் மனைவி நாஜியா மட்டும் மசியவில்லை. "மேல போனவரு இறங்கி வர்றப்ப ரெண்டு கிலோ வெங்காயம் வாங்கிட்டு வரலாம்ல" என்றாள். போகப் போக எழுத்துகள் வருவது குறைந்தது. நிற்பது மட்டும் குறையவில்லை.

இதில் மாட்டிக்கொண்டவர் ஊறுகாய்க் கடை மெனாஷே. அவருடைய இடம் சாஸோனுக்கு நேர் முன்னால். ஜெபத்தை முடித்தவன் மூன்று அடி பின்வாங்கித்தான் விடைபெற வேண்டும். ஆனால் பின்னால் ஒருவன் இன்னும் ஜெபித்துக்கொண்டிருந்தால், அவன் முன்னாலுள்ள நான்கு முழத்துக்குள் கால் வைக்கக் கூடாது, அது சந்நிதி. ஆகவே சாஸோன் முடிக்கும்வரை மெனாஷேவும் நட்ட கம்பமாக நிற்பார். சர்க்கரை வியாதிக்காரர், அதுவும் காலை ஜெபத்துக்கு முன் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடாதவர். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அன்று வாசலிலேயே சாஸோனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இன்னிக்குப் பன்னண்டு மணிக்கு என் பொண்ணுக்குத் தலையில ஆபரேஷன். குணமாக்குற வேண்டுதல்ல அவ பேரையும் சேர்த்துக்க. நான் சொன்னா நம்ம கூரையைத் தாண்டாது. நீ சொன்னா போய்ச் சேரும்."

வழக்கப்படி மகள் பெயரையும் தாய் பெயரையும் சேர்த்துச் சொன்னார். சாஸோன் கண்ணை மூடி மெதுவாகத் தலையாட்டினான். எப்படி ஆட்டினால் கனமாகத் தெரியும் என்பதில்தான் கவனமெல்லாம் இருந்தது.

ஜெபத்தில் அந்த இடம் வந்தபோது பெயர் இல்லை. தாய் லுலுவா, அது நினைவிருந்தது. லுலுவாவுக்கு நான்கு பெண்கள். ஜெபத்துக்கு நடுவில் வாய் திறந்து கேட்கவும் கூடாது. மண்டையைக் குடைந்தான். எழுத்துகளும் வரவில்லை, பெயரும் வரவில்லை. சரி, முடித்துவிடலாம் என்றால் இவ்வளவு சீக்கிரமா என்று ஹக்காம் நினைத்துவிடுவாரோ என்ற பயம். அப்படியே நின்றான். முன்னால் மெனாஷேவின் தோள்கள் லேசாக ஆடுவதை இமைக்குக் கீழே பார்க்கவும் செய்தான். பக்தியில் ஆடுகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, ரொட்டியையும் அவித்த முட்டையையும் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்த மனிதர், பெஞ்சில் நெற்றி மோதி விழுந்தார்.

சாஸோனுக்குக் கை கால் ஓடவில்லை. அதையும் ஊர் மெச்சியது. ஆள் விழுந்த சத்தத்துக்குக்கூட அசையவில்லை பார் என்றார்கள். ஆம்புலன்ஸ் போன பிறகு ஹக்காம் அவனை ஓரமாக அழைத்து, இனி முதல் வரிசையில் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். முன்னால் ஆள் இல்லாத இடம், பெரியவர்களின் இடம். ஒரு மாதத்துக்கு முன் கிடைத்திருந்தால் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு போயிருப்பான். இப்போது செருப்படி பட்டவன் மாதிரி தலை குனிந்து வெளியே வந்தான்.

ஆஸ்பத்திரியில் மெனாஷே நெற்றியில் தையலோடு படுத்திருந்தார். மகள் அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே, தாயோடு இருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றரை. அவனைப் பார்த்ததும் மெனாஷேவின் முகம் மலர்ந்தது. அதுதான் சாஸோனால் தாங்க முடியாமல் போயிற்று.

"தலை சுத்துறப்பவே உக்காந்திருக்கலாம் தம்பி. நீ அவ பேரைச் சொல்லிக்கிட்டிருக்கேன்னு என் முதுகுக்குத் தெரிஞ்சுது. அதை எப்படி நடுவுல அறுக்கிறது?"

தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. மாடியில் நர்ஸிடம் கேட்டால்கூடப் பெயர் கிடைத்துவிடும். ஆனால் இந்த மனிதர் ஒரு பொய்க்கு முன்னால் கால் கடுக்க நின்றிருக்கிறார். சாஸோனின் காதெல்லாம் எரிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, உங்க பொண்ணு பேரு என்ன?"

மெனாஷே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் சாஸோனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கடிகாரம் ஓடியது. அவன் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றான்.

கடைசியில் சுவரைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

"ஓஸ்னாத். லுலுவா பொண்ணு ஓஸ்னாத்." கொஞ்சம் கழித்து, "சுருக்கமா சொல்லு" என்றார்.

எழுத்துகள் எதையும் தேடாமல், கண்ணைக்கூட மூடாமல், சாஸோன் அந்தப் பெயரைச் சொன்னான்.