சேமக்காலையில் ஞாயிற்றுக்கிழமைகள்

எண்பத்தாறில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு ஹோட்டல் சலவையறையில் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் பத்திரிகை நிருபராக இருந்தவனுக்குப் படுக்கை விரிப்பு மடிப்பதில் என்ன திருப்தி வரும்? ஞாயிற்றுக்கிழமையென்றால் வீட்டில் இருக்கவே முடியாது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

ஒருநாள் பொறுக்காமல், எங்கள் பகுதி இலவச வாரப் பத்திரிகையின் ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். வேல்ஸ் நாட்டுக்காரர், அறுபது தாண்டியவர். அங்கே ஒரு சின்னப் பட்டினத்தில் மரண அறிவித்தல் எழுதித் தொழில் பழகியவர். இங்கே ஸ்காபரோவின் பழைய கதைகளை வாராவாரம் எழுதிவந்தார். தன் ஊரை விட்டுவிட்டு அடுத்தவன் ஊருக்கு வரலாறு எழுதுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வேலை இல்லை என்றார். பிறகு நான் நீட்டிய விண்ணப்பத்தில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "ஞாயிறு வருவீரா? சம்பளம் கிடையாது" என்றார். எங்கே என்றுகூடக் கேட்காமல் தலையாட்டினேன்.

அவர் கூட்டிப்போனது ஒரு பழைய சேமக்காலைக்கு, கிறிஸ்தவர்களின் இடுகாட்டுக்கு. கல்லறை எழுத்துகள் மழையில் தேய்ந்து மறைவதற்குள் எல்லாவற்றையும் பதிந்துவிட வேண்டுமென்று மனிதர் பறந்தார். அவர் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வெயிலைக் கல்லில் விழுத்துவார். தேய்ந்த எழுத்து தெரியும். நான் கொப்பியில் எழுதுவேன். வரிசை, இலக்கம், பெயர், வயது. ஓர் இலக்கம் பிழைத்தாலும் கத்துவார். நானும் விடமாட்டேன், திருப்பிக் கத்துவேன். மறுபடியும் பத்திரிகைக்காரனாகத் திட்டு வாங்குவது சுகமாக இருந்தது.

வீட்டில் ஓவர்டைம் என்று பொய் சொன்னேன். மனைவிக்கு அப்போது ஆறு மாதம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் செத்தவீட்டுக்கே போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். எங்கள் முதல் பிள்ளை ஊரில் பிறந்து பதினோராம் நாள் போய்விட்டான். அதனால் இந்த முறை அவள் எதையும் நூல் பிசகாமல் பார்த்தாள். எனக்கும் பயம்தான். ஒவ்வொரு கிழமையும் இதுவே கடைசி என்று நினைப்பேன். அடுத்த ஞாயிறு கால் நிற்காது. வந்ததும் நேரே போய்த் தலை முழுகுவேன். சலவையறை நாற்றம் என்பேன்.

காட்டிக்கொடுத்தவர் ஆசிரியரேதான். வேலை முடிந்ததும் தன் கட்டுரையின் அடியில் சேமக்காலையின் பெயரையும் என் பெயரையும் போட்டு நன்றி எழுதிவிட்டார். கனடாவில் முதன்முதலாக என் பெயர் அச்சில் வந்தது. இலவசப் பத்திரிகை அல்லவா, எங்கள் கதவடியிலேயே வந்து விழுந்தது.

நான் வேலையால் வந்தபோது அது மனைவியின் மடியில் இருந்தது.

"இஞ்சருங்கோ, உது நீங்கள்தானே?"

"ஓம்."

அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன்.

"சின்னப் பிள்ளையளின்ர கல்லும் இருந்ததோ?"

"இருந்தது."

"ஆர் எவ்விடத்தில எண்டு எல்லாம் எழுதி வைச்சிருக்கிறியளோ?"

"ஓம், வரிசை வரிசையா."

அவள் பத்திரிகையை மடித்து வைத்தாள். "எங்கட பிள்ளையை எவ்விடத்தில வைச்சனீங்கள்?"

எங்கள் பெண்கள் சுடலைக்கு வருவதில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனவன் நான். ஊரடங்கு தொடங்கப்போகிறதென்று அவசரமாகக் குழி வெட்டித் தாட்டுவிட்டு, வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் வந்தவன். ஒரு மரத்தையோ வேலியையோகூட அடையாளம் வைக்கவில்லை.

"தெரியேல்லையப்பா" என்றேன்.

"இவ்வளவு நாளும் கேக்கப் பயந்துகொண்டு இருந்தனான்" என்றாள் அவள். "உங்களுக்காவது தெரியும் எண்டுதான் இருந்தனான்."