பாலுக்கும் போடு

ஒரு தாய் தன் பிள்ளைக்கு விஷம் கொடுத்தாள் என்று ஊர் நம்பும்படி நான் பொய் சொன்னேன். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. 1930களின் தொடக்கம் அது. கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தின் மருந்தகத்தில் டிரசராக இருந்தேன். காயத்துக்குக் கட்டுப் போடுவதும், காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும், வாரம் ஒருமுறை வரும் டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிகளுக்குத் தமிழில் சொல்வதும் என் வேலை.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் கைக்குழந்தைகளுக்கு அக்கரம் கண்டது. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியது போல வெள்ளை படியும். துடைத்தால் இரத்தம் கசியும். பிள்ளை பால் குடிக்க முடியாமல் அழும். டாக்டர் ஜென்ஷன் வயலட் என்ற ஊதாச் சாயத்தைக் கொண்டுவந்தார். பஞ்சில் தொட்டு வாய்க்குள் பூசினால் சில நாட்களில் வெள்ளை மறைந்துவிடும். ஆனால் பூசிய வாயைப் பார்க்கத்தான் மனம் கூசும். தாய்மார்கள் மரத்தைக் கீறிப் பாலெடுக்கப் போன பிறகு, ஆயாக் கொட்டகையில் வரிசையாகக் கட்டிய தூளிகளில் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி தூங்கும். மர நிழலால் பகலிலும் இருண்டு கிடக்கும் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் முகங்கள் தெரியாது. ஊதா வாய்கள்தான் தெரியும். கங்காணி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன டிரசரையா, புள்ளைங்கள எல்லாம் நாவ மரத்துல ஏத்தி விட்டீங்களா?” என்றார். நானும் சிரித்தேன்.

முதலில் சொன்ன அந்தத் தாயின் மகனுக்கு மட்டும் நோய் மூன்று முறை திரும்பி வந்தது. தாயின் மார்க்காம்பில் அது ஒட்டியிருக்கும், அங்கும் பூசச் சொல் என்றார் டாக்டர். மார்க்காம்பு என்ற சொல்லை ஆங்கிலத்தில் அவரிடம் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டபோது எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. பிறகு வராந்தாவுக்கு வந்தேன். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் நாலைந்து ஆண்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். தமிழில் அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை. சிறு புட்டியை நீட்டினேன்.

“வாயில பூசும்மா. பாலுக்கும் சேத்துப் போடு.”

“பாலுக்குமாங்க?”

“பாலுக்குந்தான். போ.”

அவள் கேட்டாள் என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. தோட்டத்தில் பிறந்தவள் அவள். பால் ஸ்டோரில் ரப்பர் பாலில் மருந்து ஊற்றி உறைய வைப்பதைப் பார்த்தே வளர்ந்தவள். பாலுக்கு மருந்து போடு என்றால் அவளுக்கு வேறென்ன பொருள் இருக்க முடியும்? விடியுமுன் வேலைக்குக் கிளம்பும்போது, கிண்ணத்தில் பீய்ச்சிய தாய்ப்பாலில் மருந்தைக் கலந்து ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஐந்தாம் நாள் நான் கொட்டகைக்குப் போனேன். ஆயா மடியில் பிள்ளையைக் கிடத்திப் பாலாடையில் புகட்டிக்கொண்டிருந்தாள். பாலாடையில் இருந்த பால் ஊதா நிறமாக இருந்தது. பிள்ளை அழாமல், என்னைப் பார்த்தபடியே விழுங்கியது. “நீங்க குடுத்த மருந்துதானாம்” என்றாள் ஆயா. பிடுங்கி மண்ணில் கொட்டினேன். அன்று தொடங்கிய வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை இறந்தது. குளிப்பாட்டிய பெண்கள் எவ்வளவு தேய்த்தும் அதன் உதட்டிலிருந்து ஊதா போகவில்லை. அப்படியேதான் புதைத்தார்கள்.

சாயம்தான் கொன்றதா, முன்பே நலிந்திருந்த உடம்பு தாங்கவில்லையா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. பாலில் ஊற்றச் சொன்னது யார் என்று மட்டும் கேட்டார். வாய்க்கு மட்டும்தான் சொன்னேன், அவளாகச் செய்திருக்கிறாள் என்று அவருக்கு ஆங்கிலத்திலும், கூடியிருந்தவர்களுக்குத் தமிழிலும் சொன்னேன். அவள் எதிரே நின்றாள். கோபப்படவில்லை. மறந்துபோன ஒன்றை நினைவுக்குக் கொண்டுவர முயல்பவள் போல என் வாயையே பார்த்தாள். கணவன் அவளைத் துரத்தினான். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பேய்ப்பால்காரி என்று பெயர் வைத்தார்கள். தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்றார் கங்காணி.

ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் அவளைத் தேடிப் போக எனக்குத் துணிவு வந்தது. பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்பில் துணி துவைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த ஈரத்துணியைப் பிழியாமலே வாளியில் போட்டாள்.

“நாந்தான் தப்பாக் கேட்டுட்டேன்னு இருந்தேன். ஏழு வருசமா தெனமும் அதையே கேட்டுப் பாக்குறேன்” என்றாள். பிறகு, “எங்கிட்ட சொல்லி என்ன ஆவும்? அங்க போய்ச் சொல்லுங்க. எம் புள்ளையப் பொதச்ச எடத்துக்கு என்னய விடச் சொல்லுங்க.”

டாக்டருக்கு எழுதினேன், வேலை போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் ஊரைக் கூட்டிச் சொன்னேன். மறுமணம் செய்துகொண்டிருந்த கணவன் பாதியிலேயே எழுந்து போய்விட்டான். “ஒங்களையும் மயக்கிட்டாளா ஐயா?” என்றாள் ஒரு கிழவி. கங்காணி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே, “வந்துட்டுப் போவட்டும்” என்றார்.

அவளோடு நானும் போனேன். நடுப்பகல். காற்றே இல்லை. ரப்பர் காய்கள் வெடித்து விழும் சத்தம் அங்கங்கே கேட்டது. புதர் மண்டிய மேட்டை அவளே கண்டுபிடித்துக் கற்பூரம் ஏற்றினாள். அது அணைந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“அன்னைக்குச் சொல்ல வேண்டியத இப்பச் சொல்லுங்க.”

“வாயில பூசும்மா” என்றேன். “ஒன் மார்க்காம்புலயும் பூசு. பால்ல கலக்காத.”

தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவளுடைய இடது கை பிள்ளையைத் தாங்குவது போல இடுப்பில் வளைந்திருந்தது.

“சரிங்க டிரசரையா” என்றாள்.

முன்னால் நடந்தாள். தார்ச்சாலை வரும்வரை அந்தக் கையை அவள் இறக்கவில்லை.